ஊரோடு செடியையும் எழுதி வைத்தவர்

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களில் விட்டுவந்த காணியைப் பற்றிப் பேச்செடுத்தால் மரங்களின் பேச்சும் கூடவே வரும். கிணற்றடியில் நின்ற முருங்கை, வேலியோரத்துப் பூவரசு, வயற்கரையில் நின்ற மருது என்று பெரியவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். அவர்களுக்குப் பின் யார் சொல்வார்? நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் எமது மலைநாட்டில் நடந்து திரிந்த ஒருவரின் வேலை இக்கேள்விக்கு நல்ல விடை தருகிறது.

பழைய கட்டைப் பிரித்தவர்

ஹென்றி டிரைமன் 1843இல் லண்டனில் பிறந்தவர். மருத்துவம் படித்தாலும் மனம் செடிகளிலேயே இருந்தது. பிரித்தானிய நூதனசாலையில் பணிபுரிந்தபின், 1880இல் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக வந்தார்.

செடிகளைப் போலவே பழைய ஏடுகளிலும் அவருக்குப் பற்று அதிகம். ஒல்லாந்தர் காலத்தில், 1672இல், ஹேர்மன் என்ற மருத்துவர் இலங்கைக்கு வந்து செடிகளைச் சேகரித்தார். அவற்றை உலர்த்தி, தாளில் ஒட்டி, இங்குள்ளோர் சொன்ன பெயர்களையும் குறித்து வைத்தார். அத்தொகுப்பு பல கை மாறி லின்னேயஸ் என்ற பேரறிஞரிடம் போய்ச் சேர்ந்தது. அதை ஆதாரமாகக் கொண்டே அவர் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். டிரைமன் அதே தொகுப்பை மீண்டும் ஆராய்ந்து, எது எந்தச் செடி என்று 1887இல் எழுதினார். பெயரோடு வைக்கப்பட்ட காய்ந்த இலை இருநூறு ஆண்டுகள் கழிந்தும் சாட்சி சொன்னது.

மலைநாட்டுப் பயணங்கள்

டிரைமன் வந்த வேளையில் மலைநாடு பெரிதும் மாறிக்கொண்டிருந்தது. கோப்பிக்காகக் காடுகள் வெட்டப்பட்டிருந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் அந்தக் கோப்பியையும் அழித்துக்கொண்டிருந்தது. தோட்டங்கள் சிங்கோனாவுக்கும் பின்னர் தேயிலைக்கும் மாறின. சிங்கோனாவை வளர்ப்பதற்காக 1861இல் தொடங்கப்பட்ட ஹக்கல பூங்காவும் டிரைமனின் பொறுப்பிலேயே இருந்தது.

1882இல் அவர் ஜெர்மன் அறிஞர் ஹெக்கலுடன் ஹோர்ட்டன் சமவெளிக்கும் உலக முடிவுக்கும் சென்றார். நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்ததே 1885இல்தான். அதற்கு முன்னரே, 1873இல், ஹூக்கர் என்ற தாவரவியலாளரின் ஆலோசனைப்படி ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்காது விடும்படி அரசு பணித்திருந்தது. அவ்வாறு எஞ்சிய காடுகளை நாம் இன்றும் காணலாம்.

நூலில் என்ன இருக்கிறது?

இப்பயணங்களின் பலனாக இலங்கைத் தாவரங்கள் பற்றிய அவரது கைந்நூல் 1893 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. செடியின் வடிவம், வளரும் இடம், பூக்கும் மாதம், பயன் ஆகியவற்றை அதில் எழுதினார். தெரிந்தவரை சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்தார். வன்னிக்காட்டின் பாலை, சிங்களத்தில் பலு. முதிரை, புருத்த. இரு மொழியினரும் ஒரே மரத்தை அறிந்திருந்தார்கள் என்பதற்கு அந்நூலும் சாட்சி.

கேட்கும் சக்தி குறைந்து, உடலும் செயலிழந்த நிலையில் அவர் வேலையை விடவில்லை. 1896இல் மூன்று பகுதிகளோடு காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு, மேலே சொன்ன ஹூக்கர் மற்ற இரு பகுதிகளையும் 1900இல் நிறைவு செய்தார். எழுதி வைத்திருந்ததால்தான் இன்னொருவரால் தொடர முடிந்தது.

நாம் செய்யக்கூடியது

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி ஒன்று போதும்.

1. பெரியவர்களைக் கேட்டு, விட்டுவந்த காணியின் படத்தைக் கீறுங்கள். கிணறு, வரம்பு, வாய்க்கால், எல்லை மரங்கள் யாவும் அதில் இருக்கட்டும்.

2. ஒவ்வொரு மரத்துக்கும் செடிக்கும் ஊரில் வழங்கிய பெயர், நின்ற இடம், பூத்த மாதம், உணவாகவோ மருந்தாகவோ பயன்பட்ட விதம் ஆகியவற்றை எழுதுங்கள். சொன்னவரின் பெயரையும் திகதியையும் மறவாதீர்கள்.

3. அதே செடி இப்போதிருக்கும் இடத்தில் கிடைத்தால், பூவோ காயோ உள்ள சிறு கிளையைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையில் விரித்து, பலகையும் கல்லும் வைத்து அழுத்துங்கள். முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்றுங்கள். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. நன்கு காய்ந்தபின் தடித்த தாளில் நூலால் தைத்து, பெயரையும் இடத்தையும் எழுதுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால் அங்கே எதையும் பறிக்கக்கூடாது. வேலியோரமும் வீட்டுத் தோட்டமுமே எமக்குப் போதும்.

காணி திரும்பக் கிடைக்குமா என்பது எம் கையில் மட்டும் இல்லை. ஆனால் அக்காணியில் என்ன நின்றது, அதை எம்மவர் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதைக் காப்பது எம் கையில் இருக்கிறது. திரும்பிப் போகும் பிள்ளைக்கு அது வழி காட்டும். போக முடியாத பிள்ளைக்கும் தன் ஊர் எதுவென்று சொல்லும். பெரியவர்கள் எம்முடன் இருக்கும்போதே எழுதத் தொடங்குவோம்.