தலைப்புக் கோப்பு

தலைப்புக் கோப்பு என்பது சி, சி++, ஆப்ஜெக்டிவ்-சி ஆகிய நிரல்மொழிகளில், பல மூலநிரல் கோப்புகளுக்குப் பொதுவான அறிவிப்புகளைக் கொண்ட உரைக் கோப்பு ஆகும். சி மொழியில் இதன் பெயர் வழக்கமாக ".எச்" என முடியும். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இக்கட்டுரையில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன.

== செயற்படும் முறை ==

கம்பைலர் எனப்படும் தொகுப்பி, ஒவ்வொரு மூலநிரல் கோப்பையும் தனித்தனியே தொகுக்கிறது. எனவே வேறு கோப்பில் உள்ள ஒரு செயற்கூறை அழைக்கும் முன், அது ஏற்கும் உள்ளீடுகளின் தரவினமும் திருப்பித் தரும் மதிப்பின் தரவினமும் அறிவிக்கப்பட்டிருத்தல் வேண்டும். "#இன்க்ளூட்" கட்டளை இதற்கு உதவுகிறது. முன்செயலி அவ்வரியை நீக்கி, குறிப்பிட்ட கோப்பின் உரை முழுவதையும் அவ்விடத்தில் இடுகிறது. அதன் பின்னரே தொகுத்தல் நடைபெறும்.

"எஸ்டிடிஐஓ.எச்" கோப்பில் "பிரிண்ட்எஃப்" செயற்கூறின் அறிவிப்பு உள்ளது. அதன் இயந்திர மொழி வடிவமோ நூலகத்தில் உள்ளது. இணைப்பி அதனை நிரலுடன் சேர்க்கிறது. ஆகவே தலைப்புக் கோப்பைச் சேர்ப்பது நூலகத்தைச் சேர்ப்பது ஆகாது.

== அறிவிப்பின் தேவை ==

1989ஆம் ஆண்டின் சி சீர்தரத்தில், அறிவிக்கப்படாத செயற்கூறு முழு எண்ணைத் திருப்பித் தருவதாகக் கொள்ளப்பட்டது. வர்க்கமூலம் காணும் "எஸ்கியூஆர்டி" தருவதோ மிதவைப் புள்ளி எண். இதனால் "மேத்.எச்" சேர்க்கப்படாத நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட்டும் தவறான விடையைத் தரக்கூடும். 1999ஆம் ஆண்டின் சீர்தரம் இவ்வனுமதியை நீக்கியது.

== கோப்பைத் தேடுதல் ==

கோப்பின் பெயர் < > குறிகளுக்குள் இருப்பின், தொகுப்பிக்கெனக் குறிக்கப்பட்ட அடைவுகளில் தேடப்படும். இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இருப்பின், பெரும்பாலான தொகுப்பிகள் கட்டளை இடம்பெற்ற கோப்பின் அடைவில் முதலில் தேடும். அங்கு இல்லையெனில் முன் கூறிய இடங்களில் தேடும்.

== இருமுறை சேர்தல் ==

ஒரு தலைப்புக் கோப்பு மற்றொன்றைச் சேர்க்கலாம். இதனால் ஒரே உரை இருமுறை இடம்பெற்று, ஒரு கட்டமைப்பு மீண்டும் வரையறுக்கப்பட்டதாகப் பிழை தோன்றும். இதனைத் தவிர்க்கக் கோப்பின் உள்ளடக்கம் பின்வருமாறு சூழப்படுகிறது:

 #இஃப்என்டெஃப் வட்டம்_எச்
 #டிஃபைன் வட்டம்_எச்
 ... அறிவிப்புகள் ...
 #எண்டிஃப்

இரண்டாம் முறை அப்பெயர் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருப்பதால் உள்ளடக்கம் தவிர்க்கப்படும். சீர்தரத்தில் இல்லாத "#பிராக்மா ஒன்ஸ்" கட்டளையைப் பல தொகுப்பிகள் இதற்காக ஏற்கின்றன. ஆப்ஜெக்டிவ்-சி மொழியின் "#இம்போர்ட்" கட்டளை கோப்பை ஒருமுறை மட்டுமே சேர்க்கிறது.

== கூறுகள் ==

பெரிய நிரல்களில் ஒரே தலைப்புக் கோப்பு, அதனைச் சேர்க்கும் ஒவ்வொரு மூலநிரலுக்காகவும் மீண்டும் படிக்கப்படுவதால் தொகுக்கும் நேரம் கூடுகிறது. 2020ஆம் ஆண்டின் சி++ சீர்தரம் இதற்குத் தீர்வாக "மாட்யூல்" எனப்படும் கூறுகளை அறிமுகப்படுத்தியது. இவற்றில் உரை நகலெடுக்கப்படுவதில்லை. ஒருமுறை தொகுக்கப்பட்ட கூற்றின் இடைமுகத்தைப் பிற கோப்புகள் "இம்போர்ட்" மூலம் பயன்படுத்துகின்றன.