ரயில் ஏன் வயலில் ஓடுகிறது?

முறுக்கு பிழியும்போது கைதான் சுற்றும், தட்டு அசையாது. அச்சிலிருந்து இறங்கும் மாவு வட்டமாக விழுவது அந்த நம்பிக்கையில்தான். விமானத்திலிருந்து படம் எடுக்கும் ‘சிந்தெடிக் அபர்ச்சர்’ ரேடாரும் அப்படித்தான்: கை, விமானம்; தட்டு, தரை.

1951-ல் அமெரிக்காவின் குட்இயர் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் கார்ல் வைலிக்கு உதித்த யோசனை இது. பறந்தபடியே அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலிகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் சின்ன ஆன்டெனாவே பிரம்மாண்ட ஆன்டெனாவாகிவிடும். 3 செ.மீ. அலைநீளத்தில், 10 கி.மீ. தள்ளியிருப்பதை 30 செ.மீ. நுணுக்கத்தில் பார்க்க 500 மீட்டர் ஆன்டெனா தேவை. விநாடிக்கு 100 மீட்டர் பறக்கும் விமானம் அவ்வளவையும் 5 விநாடியில் பிழிந்துவிடும்.

அதற்குள் யாராவது தட்டை இழுத்தால்? மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் கார் 5 விநாடியில் 50 மீட்டர் நகர்ந்திருக்கும். விமானத்துக்கு இணையாகப் போனால் அதன் உருவம் இழுபட்டுக் கலங்கும். விமானத்தை நோக்கி வந்தாலோ இடமே மாறிவிடும். விமானப் பாதையின் போக்கில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்தை வைத்தே ரேடார் கணிக்கிறது. காரின் சொந்த வேகமும் அதில் கலந்துவிடுவதால், சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைக்கிறது. ரயில் தண்டவாளத்தை விட்டு வயலில் ஓடுவதுபோல் தெரிவதும் இதனால்தான்.

வழி உண்டு. முன்னும் பின்னுமாக இரண்டு ஆன்டெனா வைத்தால், முன்னது இருந்த இடத்துக்குப் பின்னது ஒரு கணம் கழித்து வரும். இரண்டின் பதிவுகளையும் கழித்தால் தரை மறையும், நகர்ந்தது மட்டும் மிஞ்சும். பிறகு அது நகர்ந்த விதத்தைக் கணித்து, தட்டு போகும் பக்கமே கையையும் கொண்டுபோவதுபோல் கணக்கைத் திருத்தினால் உருவம் தெளியும்.

எனக்குப் பிடித்தது நிழல் வழி. கார் மறைப்பதால் அலை படாத தரை கறுப்பாகத் தெரியும். காரின் உருவம் எங்கே தாவினாலும் நிழல் உண்மையான இடத்தில்தான் விழும். ஆனால் 5 விநாடியில் நிழலும் கலைந்துவிடும். அலைநீளத்தை 1.3 மி.மீ. ஆக்கினால் 500 மீட்டருக்குப் பதில் சுமார் 22 மீட்டர் போதும், கால் விநாடிக்குள் வேலை முடியும். என்ன, அவ்வளவு சின்ன அலையை ஈரக்காற்று விழுங்கிவிடும். அடைமழையில் பழைய 3 செ.மீ. அலைதான் கைகொடுக்கும்.