ஏழு மணி வெளிச்சம்

சென்னை மடிப்பாக்கத்தில் அம்மா இருந்த ஃபிளாட்டை விற்பதென்று முடிவானதும் புரோக்கர் வந்தார். இரவு எட்டு மணி. செருப்பைக் கழற்றும்போதே டியூப்லைட்டைப் போடச் சொன்னார். ஹாலில் நின்று ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று, பாத்ரூம் கதவைத் தள்ளி ஒன்று என்று போனை நிமிர்த்திப் பிடித்து ஒன்பது படம் எடுத்தார். கொடுத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மறுநாள் படங்கள் இணையத்தில் ஏறின. கொடியில் காயும் உள்பாவாடை, ஃபிரிட்ஜ் தலையில் மருந்து டப்பா, நகைக்கடை காலண்டர், பீரோ கண்ணாடியில் போனும் கையுமாகப் புரோக்கர். மூன்று வாரத்தில் நான்கு பேர் கூப்பிட்டார்கள். அதில் இரண்டு பேர் வேறு புரோக்கர்கள்.

"வீடு நல்ல வீடு சார், மார்க்கெட்தான் டல்லா இருக்கு" என்றார்.

நானும் மார்க்கெட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். அம்மா என் போனை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது யார் வீடுடா?" என்று கேட்டார். 24 வருஷம் அங்கேயே இருந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரி விளம்பரம் கொடுத்து வீடு விற்ற காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 'கிழக்குப் பார்த்தது, முதல் மாடி, கார் பார்க்கிங், புரோக்கர் வேண்டாம்' என்று நான்கே வரி. படத்துக்கு அங்கே இடமில்லை. வந்து பார்த்தால்தான் வீடு. 2005இல் 99ஏக்கர்ஸ், அடுத்த ஆண்டு மேஜிக்பிரிக்ஸ், 2014இல் நோபுரோக்கர் என்று தளங்கள் வந்தபின் முறை தலைகீழாகிவிட்டது. இப்போது வீடு பார்ப்பதே கட்டைவிரலில்தான் தொடங்குகிறது. விலையையும் யுடிஎஸ்ஸையும் (பிரிக்கப்படாத நிலப்பங்கு) படிக்கும் முன்பே கண் படத்துக்குப் போய்விடுகிறது. பட்டாவும் வில்லங்கச் சான்றும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அதைக் கேட்கிற அளவுக்கு ஒருவர் படியேறி வர வேண்டுமே. சிங்கப்பூரில் இருக்கும் மகன் முதலில் படத்தைப் பார்த்துத் தலையாட்டினால்தான் இங்கே அப்பா ஆட்டோ ஏறுகிறார்.

எதிர் ஃபிளாட்டுப் பையன் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். அவனைக் கூப்பிட்டோம். கேமராவை வெளியிலேயே எடுக்காமல் அவன் கேட்ட முதல் கேள்வி: "இந்த வீடு எந்த நேரத்துல நல்லா இருக்கும் ஆன்ட்டி?"

அம்மா யோசிக்கவே இல்லை. "காலைல ஏழு மணி."

வீட்டைப் படம் எடுப்பதில் பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் எண்ணம். கிழக்கு ஜன்னல் இருக்கும் ஹால் காலையில் ஒரு வீடு, மாலையில் இன்னொரு வீடு. அதை அறிந்தவர் குடியிருந்தவர் மட்டும்தான். புரோக்கருக்கு அவர் வரும் நேரம்தான் நேரம். இரவில் டியூப்லைட்டில் எடுத்தால் சுவர் நீலம் பூக்கும், மூலையெல்லாம் இருட்டும். பகலிலும் விளக்கைப் போட்டுவைத்தால் குண்டு பல்பின் மஞ்சளும் வெளியே இருந்து வரும் வெள்ளையும் கலந்து, பெயின்ட் என்ன நிறம் என்றே தெரியாது. ஜன்னலுக்கு நேரே நின்று எடுத்தால் கேமரா வெளி வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள, அறை குகையாகிவிடும். ஜன்னல் பக்கவாட்டிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கட்டும் என்றான் பையன். அன்று எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத்தான் தொடங்கினான்.

நேரம் பார்த்து எடுத்த படத்துக்கு ஓர் உதாரணம்: லாஸ் ஏஞ்சலஸ் மலைச்சரிவில் ஒரு கண்ணாடி வீடு இருக்கிறது. கட்டடக் கலைஞர் பியர் கோனிக் வடிவமைத்தது, ஸ்டால் வீடு என்று பெயர். 1960இல் அதை ஜூலியஸ் ஷுல்மன் படம் எடுத்தார். கீழே நகரத்து விளக்குகள் பதிவதற்காக ஷட்டரைப் பல நிமிடம் திறந்தே வைத்திருந்து, பிறகு உள்ளே உட்கார்ந்திருந்த இரு பெண்களுக்காக ஃபிளாஷ் அடித்தார். அந்த வீட்டுக்குள் கால் வைக்காத கோடிப்பேருக்கு அந்த ஒரு படம்தான் அந்த வீடு. அதே வீடு பகல் பன்னிரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

மடிப்பாக்கத்துக்கு அவ்வளவு தேவையில்லை. சாமான்களை ஒதுக்கினாலே போதும். ஆனால் அதில்தான் சண்டை வந்தது. கொடி, காலண்டர், பிளாஸ்டிக் குடம், சோபாவில் விரித்த துண்டு எல்லாம் எதிர்ப்பில்லாமல் போயின. பூஜை அலமாரிக்கு வந்ததும் அம்மா குறுக்கே நின்றுவிட்டார். "வாங்கறவா யாரா வேணா இருக்கட்டும், சாமியை எதுக்கு எடுக்கணும்?" அலமாரிக் கதவைச் சாத்தி எடுப்பதென்று சமாதானம் ஆயிற்று. வெளிநாட்டு ஆலோசகர்கள் சொல்வதுபோல் வீட்டை மொத்தமாகத் துடைத்து எடுப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. நம் ஊரில் வெறும் சுவரும் தரையுமாகப் படம் போட்டால், வங்கி ஏலத்துக்கு வந்த வீடோ என்று சந்தேகப்படுவார்கள்.

பையன் நெஞ்சு உயரத்தில் கேமராவை வைத்து, அறை மூலையில் நின்று, படுக்கைவாட்டில் எடுத்தான். போனை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் சாயும் என்பதை அப்போதுதான் கவனித்தேன். "அந்த 0.5ல வெச்சு எடுத்தா ரூம் பெருசாத் தெரியுமே" என்று நான் ஆசைப்பட்டேன். "தெரியும் அண்ணா. வந்து பாக்கறப்போ சின்னதாயிடும்" என்றான். பத்துக்குப் பத்து அறையைக் கல்யாண மண்டபமாகக் காட்டும் அகலக்கோண லென்ஸ் அது. தாம்பரத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர் அறை வாசலிலேயே திரும்பினால், விலை பேசுவதற்கு யார் இருப்பார்கள்?

படத்தில் ஏமாற்றுவதைப் பொறுத்தவரை, புதிய ஃபிளாட் கட்டி விற்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. விளம்பரத்தையோ மாதிரி ஃபிளாட்டையோ நம்பி முன்பணம் கட்டியவர் அதிலிருந்த பொய்யால் நஷ்டப்பட்டால், 12ஆம் பிரிவின்படி ஈடு கொடுக்க வேண்டும். பழைய வீட்டை விற்கும் நம்மைப் போன்றவர்களைக் குறிவைத்த பிரிவு அல்ல அது. ஆனால் காலி அறையில் ஏஐ கொண்டு சோபாவும் தொட்டிச் செடியும் முளைக்க வைப்பது இப்போது எல்லோருக்கும் கைக்கெட்டிவிட்டது. கலிபோர்னியாவில் 2026 ஜனவரி முதல், வீட்டு விளம்பரத்தில் அப்படி மாற்றிய படத்தைப் போட்டால் மாற்றியதைச் சொல்லி, அசலையும் பார்க்கக் கொடுக்க வேண்டும்.

எந்தப் படத்திலும் வராத விஷயமும் உண்டு. போர் தண்ணீரின் உப்பு, மேல் வீட்டு மிக்ஸி, மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு தென்சென்னையில் வீடு பார்க்க வருகிறவர்கள் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. கார் பார்க்கிங் தெருவைவிட எவ்வளவு உயரம் என்று தெரிகிற மாதிரி வாசலிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொன்னார் அம்மா. அழகான படம் இல்லை. ஆனால் கூப்பிட்டவர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

பதினான்கு படம் ஏற்றினோம். முதல் படம் காலை ஹால். அந்த வாரம் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அவர்களுக்குத் தோதான நேரம் மாலை ஆறரை. போதாக்குறைக்குக் கரண்டும் போயிருந்தது. இருட்டு ஹாலில் அந்தப் பெண் போனில் எங்கள் படத்தை உயர்த்திப் பிடித்து, ஜன்னலையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நிஜமாவே இவ்வளவு வெளிச்சம் வருமா ஆன்ட்டி?"

"ஆறரைக்கு வரும்மா. ஒன்பது வரைக்கும் இருக்கும்."

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அம்மா அப்போதுதான் வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.