உங்களுக்குத் தெரியுமா? சுவிட்சைப் போட்டதும் பேசிக்!

கணினியை இயக்கியதும் ஐகானோ மெனுவோ வராமல், நேராக ஒரு நிரல் மொழி வந்து நின்ற காலம் உண்டு. மத்திய அரசு 1984-85இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ அந்த ரகம். சுவிட்சைப் போட்டால் ‘பீப்’. உடனே திரையில் ‘>’ குறி. ரோம் சிப்பிலேயே குடியிருந்த பேசிக் இன்டர்பிரெட்டர் உத்தரவுக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

நாமக்கல் முட்டைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஓர் அட்டைக்கு 30 முட்டை. 210 அட்டைக்கு எத்தனை? ‘பிரிண்ட் 30*210’ என்று தட்டி ரிட்டர்ன் விசையை அழுத்தினால் அடுத்த வரியில் 6300. அதே வரிக்கு முன்னால் 10 என்று ஓர் எண்ணைப் போட்டுவிட்டால் விடை வராது; அது நிரலின் வரியாகி, ‘ரன்’ சொல்லும்வரை சும்மா இருக்கும்.

வட்டில் என்னென்ன கோப்பு இருக்கிறது என்று பார்க்க ‘*கேட்’. முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் பேசிக் அதில் தலையிடாமல் இயங்குதளத்திடம் தள்ளிவிடும். நேர்த்தியான ஏற்பாடு! 1982இல் வந்த காமடோர் 64இலோ, கோப்புப் பட்டியலையே ஒரு பேசிக் நிரலாக நினைவகத்தில் ஏற்ற வேண்டும். அதுவரை மாங்கு மாங்கென்று தட்டிய நிரல் அம்போ.

பிபிசி பேசிக்கை எழுதிய சோஃபி வில்சன்தான் பின்னர் ஆர்ம் செயலியின் கட்டளைத் தொகுதியையும் வடிவமைத்தார். இன்றைய கைப்பேசிகளில் ஓடுவது அதன் வாரிசுகள்.