சங்கம் ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம்

அமெரிக்க அதிபர் யார் என்பதை மூன்று தொழில் மாநிலங்கள் தீர்மானிக்கின்றன. அங்கே தலைவர்கள் கைகாட்டும் இடத்தில் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்ட காலம் மலையேறிவிட்டது.

லாரி டிரைவர்களும் கிடங்கு ஊழியர்களும் நிறைந்த அமெரிக்கத் தொழிற்சங்கமான டீம்ஸ்டர்ஸ், 2024 செப்டம்பர் 18 அன்று ஓர் அறிவிப்பை வெளியிட்டது: அதிபர் தேர்தலில் யாருக்கும் ஆதரவு கிடையாது. 13 லட்சம் உறுப்பினர்களைக் கொண்ட இந்தச் சங்கம் 1996க்குப் பிறகு இப்படி ஒதுங்கி நின்றது அதுவே முதல் முறை. காரணமும் கூடவே வெளியானது. உறுப்பினர்களிடையே நடத்திய மின்னணு வாக்கெடுப்பில் 59.6 சதவிகிதம் பேர் குடியரசுக் கட்சியின் டொனால்டு டிரம்ப்பை ஆதரிக்கச் சொன்னார்கள். ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்குக் கிடைத்தது 34 சதவிகிதம்தான்.

ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு இது பெரிய அடி. ஏனெனில் இரண்டு வருடங்களுக்குக்கூட முன்பல்ல, 2022 டிசம்பரில்தான் அதிபர் ஜோ பைடனின் அரசு இதே சங்கத்தினரின் பென்ஷன் நிதி திவாலாகாமல் காப்பாற்றியது. அதற்குச் செலவிட்ட தொகை சுமார் 3,600 கோடி டாலர். மூன்றரை லட்சம் தொழிலாளர்கள், ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் பிழைத்தது. நன்றிக்கடன் என்று யாரும் அதை ஓட்டாகத் திருப்பித் தரவில்லை.

இந்தியாவில் ஒரு தொழிற்சங்கத்தின் கொடியைப் பார்த்தாலே கட்சியைச் சொல்லிவிடலாம். ஐ.என்.டி.யு.சி. என்றால் காங்கிரஸ், சி.ஐ.டி.யு. என்றால் மார்க்சிஸ்ட், எல்.பி.எஃப். என்றால் தி.மு.க. அமெரிக்கச் சங்கங்கள் எந்தக் கட்சிக்கும் சொந்தமல்ல. ஆனால் 1935ல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட வாக்னர் சட்டம், சங்கம் அமைக்கவும் கூட்டாகப் பேரம் பேசவும் தொழிலாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. அன்றிலிருந்து பெரும்பாலான சங்கங்களின் பணமும் தொண்டர் படையும் ஜனநாயகக் கட்சிக்கே போயின.

இந்த உறவுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? அமெரிக்கத் தேர்தல் முறைதான் காரணம். நாடு முழுவதும் வாங்கிய ஓட்டு அங்கே கணக்கில்லை. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும், ஓர் ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் ஓட்டுகள் மொத்தமும் சேரும். பல மாநிலங்களின் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். ஊசலாடும் மாநிலங்களில் முக்கியமானவை கார் தொழிலுக்குப் பெயர்போன மிச்சிகன், எஃகுக்கும் நிலக்கரிக்கும் பெயர்போன பென்சில்வேனியா, இயந்திர ஆலைகள் நிறைந்த விஸ்கான்சின். 2016ல் டிரம்ப் மிச்சிகனை 10,704 ஓட்டுகளில் வென்றார். மூன்று மாநிலங்களிலும் சேர்த்து வித்தியாசம் 78,000ஐத் தாண்டவில்லை. அந்தத் தேர்தலில் பதிவான ஓட்டுகளோ 13 கோடிக்கு மேல். 2020ல் மூன்றும் பைடனுக்குத் திரும்பின. 2024ல் மூன்றும் மறுபடி டிரம்ப்பிடம் போயின.

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருபவர்களிடம் எடுக்கப்படும் கணிப்புகள் இந்த ஊசலாட்டத்துக்குத் துப்புத் தருகின்றன. வீட்டில் ஒருவராவது சங்க உறுப்பினராக இருக்கும் குடும்பங்களைத் தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். 2012ல் இந்தக் குடும்பங்களிடம் பராக் ஒபாமாவுக்கு இருந்த முன்னிலை சுமார் 18 சதவிகிதப் புள்ளிகள். 2016ல் ஹிலாரி கிளின்டனுக்கு அது பாதியாகச் சுருங்கியது. 2020ல் பைடன் அதை 16 ஆக உயர்த்தினார். 2024ல் ஹாரிஸுக்கு 8. அதாவது தோற்ற தேர்தலிலும் சங்கக் குடும்பங்களில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்குத்தான். ஆனால் வெறும் பெரும்பான்மை அந்தக் கட்சிக்குப் போதவில்லை. முன்னிலை இரட்டை இலக்கத்துக்குக் கீழே இறங்கிய இரண்டு முறையும் வெள்ளை மாளிகை கைநழுவியது.

தலைவர் ஒரு பக்கம், தொழிலாளி ஒரு பக்கம் என்பது புதிதல்ல. 1940ல் சி.ஐ.ஓ. தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஜான் எல். லூயிஸ், ரூஸ்வெல்ட்டோடு முறுக்கிக்கொண்டு குடியரசுக் கட்சியின் வென்டல் வில்கிக்கு ஆதரவு கேட்டார். ரூஸ்வெல்ட் ஜெயித்தால் பதவி விலகுவேன் என்றும் சவால் விட்டார். தொழிலாளர்கள் ரூஸ்வெல்ட்டுக்கே ஓட்டுப் போட்டார்கள். லூயிஸ் சொன்னபடி விலகினார்.

சங்கத்தின் பேச்சு எடுபட்ட காலமும் உண்டு. 1968ல் அலபாமாவின் முன்னாள் கவர்னரும் இனப் பிரிவினைவாதியுமான ஜார்ஜ் வாலஸ் தனியாகக் களமிறங்கியபோது வடக்கத்திய கார் தொழிற்சாலைகளில் அவருக்குத் திடீர் செல்வாக்கு. சங்கங்கள் நிறத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. வாலஸ் ஆண்ட அலபாமாவில் கூலி எவ்வளவு குறைவு என்று துண்டுப் பிரசுரம் அச்சடித்துக் கொடுத்தன. செப்டம்பரில் 20 சதவிகிதம் வரை எட்டியிருந்த வாலஸின் ஆதரவு ஓட்டுப்பதிவில் 13.5 சதவிகிதமாக இறங்கியது. நாட்டில் தோற்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி மிச்சிகனில் வென்றார்.

பிடி தளர்ந்ததற்கு நல்ல உதாரணம் அதே மிச்சிகனில் டெட்ராய்ட்டை ஒட்டியுள்ள மேகோம்ப் கவுன்டி. கார் தொழிலாளர்கள் வீடு கட்டிக் குடியேறிய பகுதி இது. 1960ல் ஜான் கென்னடிக்கு 63 சதவிகித ஓட்டுகளை அள்ளித் தந்தது. 1984ல் ரொனால்டு ரீகனுக்கு 66 சதவிகிதம். இத்தனைக்கும் 1981ல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000க்கும் மேற்பட்டோரை ஒரேயடியாக டிஸ்மிஸ் செய்தவர் ரீகன். அதற்கு முந்தைய வருடத் தேர்தலில் அவருக்கு ஆதரவு தந்த சங்கம் அது. மேகோம்ப் ஏன் மாறியது என்று 1985ல் ஆராயப் போன கருத்துக்கணிப்பாளர் ஸ்டான்லி கிரீன்பெர்க் கேட்டது பெரும் மனக்குறை: ஜனநாயகக் கட்சி தங்களை விட்டுவிட்டுக் கறுப்பர்களுக்கும் ஏழைகளுக்கும் மட்டுமே பாடுபடுகிறது என்ற எண்ணம். இன வெறுப்பும் வரிச் சுமையும் அதில் பின்னிக் கிடந்தன.

பிறகு தொழிற்சாலைகளே போக ஆரம்பித்தன. மெக்ஸிகோ, கனடாவோடு செய்துகொண்ட நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் 1994ல் அமலுக்கு வந்தது. சங்கங்களின் எதிர்ப்பை மீறி அதை நிறைவேற்றியவர் ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டன். 2001ல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2000ல் 1.7 கோடியாக இருந்த உற்பத்தித் துறை வேலைகள் 2010ல் 1.15 கோடியாகச் சரிந்தன. இயந்திரமயமும் 2008ன் பொருளாதாரச் சரிவும் இதில் பங்கு வகித்தன. ஆனால் ஊரின் தொழிற்சாலை மூடப்படும்போது அதில் கையெழுத்திட்டவர் பெயர்தான் நினைவில் நிற்கிறது.

வாக்குறுதி பொய்த்தாலும் ஓட்டு திரும்பவில்லை என்பதற்கு ஒஹையோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுன் சாட்சி. அந்த வட்டாரத்துக்கு 2017ல் வந்த டிரம்ப், வேலைகள் திரும்பி வரும், வீட்டை விற்காதீர்கள் என்றார். 2019 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் அங்கிருந்த கார் தொழிற்சாலையை நிறுத்தியது. 2020ல் அந்த டிரம்புல் கவுன்டியில் டிரம்ப்பின் ஓட்டு விகிதம் குறையவில்லை, கூடியது. 2012ல் ஒபாமாவுக்கு சுமார் 60 சதவிகிதம் தந்த இடம் அது.

இதற்கு விளக்கம் தேடிய லெய்னி நியூமனும் தீடா ஸ்காச்போலும் மேற்கு பென்சில்வேனியாவின் எஃகு ஊர்களை ஆராய்ந்து 2023ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். சங்கம் ஒரு காலத்தில் சம்பளப் பேச்சுவார்த்தையோடு நின்றதில்லை. சங்கக் கட்டடம், பக்கத்துத் தெரு மதுக்கடை, விளையாட்டுக் குழு, தேவாலயம் எல்லாம் ஒரே கூட்டம். நம்ம ஆள் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆலை மூடியதும் அந்தக் கூட்டம் கலைந்தது. அந்த இடத்துக்குத் துப்பாக்கி கிளப்புகள் வந்தன. அவற்றின் அரசியல் வேறு.

சட்டமும் சங்கத்தை மெலிய வைத்தது. சந்தா கட்டாமலே சங்கம் வாங்கித் தரும் சலுகைகளை அனுபவிக்க வழி செய்யும் சட்டங்களைக் குடியரசுக் கட்சி மாநில அரசுகள் கொண்டுவந்தன. விஸ்கான்சின் 2011ல் அரசு ஊழியர் சங்கங்களின் பேர உரிமையை ஏறத்தாழப் பறித்தது. மிச்சிகன் 2012ல் சந்தாவில் கை வைத்தது. அதை 2023ல் ஜனநாயகக் கட்சி ரத்து செய்தது. இப்படிப்பட்ட சட்டம் வந்த இடங்களில் அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஓட்டு சுமார் 3.5 புள்ளிகள் குறைந்ததாக ஒரு பிரபல ஆய்வு கணக்கிட்டது. 1950களில் தொழிலாளர்களில் மூன்றில் ஒருவர் சங்க உறுப்பினர். 2024ல் பத்தில் ஒருவர்கூட இல்லை. தனியார் துறையில் 5.9 சதவிகிதம்தான்.

இரு கட்சிகளும் இந்த மிச்சத்தைத்தான் துரத்துகின்றன. கார் தொழிலாளர்களின் 2023 வேலைநிறுத்தத்தின்போது, செப்டம்பர் 26 அன்று பைடன் மிச்சிகனில் மறியல் வரிசையிலேயே போய் நின்றார். பதவியிலிருக்கும் அதிபர் யாரும் அதற்கு முன் இதைச் செய்ததில்லை. மறுநாளே டிரம்ப் மேகோம்ப் கவுன்டிக்கு வந்து, சங்கமே இல்லாத ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பேசினார். யு.ஏ.டபிள்யூ. என்ற கார் தொழிலாளர் சங்கம் முதலில் பைடனையும் பிறகு ஹாரிஸையும் ஆதரித்தது. மிச்சிகன் சுமார் 80,000 ஓட்டுகளில் டிரம்ப்புக்குப் போனது.

இது வெள்ளைக்கார ஆலைத் தொழிலாளிகளின் கதை மட்டுமல்ல. லாஸ்வேகாஸ் ஹோட்டல் ஊழியர்களின் சமையல்காரர் சங்கத்தில் 60,000 பேர் உண்டு. ஸ்பானிய வம்சாவளியினரும் பெண்களும் அதிகம். நெவாடாவை ஜனநாயகக் கட்சியின் பக்கம் நிறுத்தி வைத்திருந்தது இவர்களின் வீடு வீடான பிரசாரம்தான் என்பார்கள். 2024 ஜூனில் அங்கே வந்த டிரம்ப், டிப்ஸுக்கு வரி கிடையாது என்றார். ஹாரிஸும் ஆகஸ்டில் அதையே சொன்னார். சங்கம் ஹாரிஸுக்கு உழைத்தது. 2004க்குப் பிறகு முதல் முறையாக நெவாடா குடியரசுக் கட்சிக்குப் போனது.

ஜெயித்த பிறகு டிரம்ப் தந்ததும் எடுத்ததும் உண்டு. 2025 ஏப்ரலில் இறக்குமதி கார்களுக்கு 25 சதவிகித வரி விதித்தார். ஹாரிஸை ஆதரித்த யு.ஏ.டபிள்யூ. தலைவர் ஷான் ஃபெய்னே அதை வரவேற்றார். 2025 ஜூலையில் டிப்ஸுக்கு வரிச்சலுகை சட்டமானது. ஆனால் அதே வருடம் மார்ச்சில், பல மத்திய அரசுத் துறைகளின் ஊழியர்களுக்குக் கூட்டுப்பேர உரிமையை ரத்து செய்யும் ஆணையும் அவர் போட்டதுதான்.

மூன்று பெரிய கார் கம்பெனிகளோடு யு.ஏ.டபிள்யூ. செய்த ஒப்பந்தம் 2028 ஏப்ரல் 30ல் முடிகிறது. மற்ற சங்கங்களும் தங்கள் ஒப்பந்தத்தை அதே நாளில் முடித்துக்கொண்டு மே தினத்தன்று சேர்ந்து களமிறங்க வேண்டும் என்பது ஃபெய்னின் அழைப்பு. அடுத்த அதிபர் தேர்தல் அதே வருடம் நவம்பரில். வேட்பாளர்கள் தொழிற்சாலை வாசலுக்கு வருவார்கள், தலைவர்களோடு கைகோத்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஓட்டு விழப்போவது எங்கே என்பதை உள்ளே ஷிஃப்ட் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். தலைவருக்குக்கூட அவர் முன்கூட்டிச் சொல்வதில்லை.