பழைய பேஸ் கிட்டார் வாங்குவோர்க்கு

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பகலெல்லாம் துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ உழைத்துவிட்டு, மாலையில் மெல்லிசைக் குழுவுக்காக பேஸ் கிட்டார் பயில விழையும் இளைஞர், புதிய வாத்தியத்தின் விலைக்கு அஞ்சி, பிறர் வாசித்துக் கைமாற்றும் பழையதை நாடுவது நியாயமே.

அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ், ஆளுயர டபுள் பேஸின் மந்தர ஸ்தாயி நாதத்தைத் தோளில் மாட்டும் பலகைக்குள் அடக்கிற்று. 34 அங்குலம் என்ற அதன் தந்தியளவே இன்றும் பெருவழக்கு.

கடற்காற்றின் உப்பு, தந்திகளை மட்டுமன்றி, அவற்றைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகளையும் அரித்துவிடுமாதலால், நம் பகுதியில் முதலில் ஆராயத்தக்கது துருவே. பின்னர், தடித்த தந்தியை, கழுத்திலுள்ள ஃபிரெட் என்னும் மெட்டுகளில் முதலாவதிலும் கடைசியிலும் ஒருங்கே அழுத்திப் பிடித்தால், நடுவில் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே விசிட்டிங் கார்டு நுழையுமளவு இடைவெளி தெரிதல் வேண்டும். மிகுந்தோ அறவே இன்றியோ இருந்தால், கழுத்தினுள் ஓடும் டிரஸ் ராடு என்னும் இரும்புக் கம்பியைத் திருகிச் சீராக்கலாம். அத்திருகு அசையாத வாத்தியத்தை, எத்துணை மலிவாயினும், விட்டுவிடுவதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வால்யூம் குமிழைச் சுழற்றுகையில் எழும் கரகரப்போ அச்சத்திற்குரியதன்று. காண்டாக்ட் கிளீனர் தெளித்தால் பெரும்பாலும் நீங்கும். ஆனால், சாதாரண கிட்டாருக்கான சிறு ஆம்ப்ளிஃபையரில் பேஸை இணைத்து உரக்க வாசித்தல் ஆகாது. வினாடிக்குச் சுமார் 41 முறை அதிரும் அதன் தடித்த தந்தியின் மந்தர ஒலி எழுப்பும் பெரும் அசைவை அந்த ஸ்பீக்கர் தாங்காமல் கிழிந்துபோகக் கூடும்.