நின்று கெட்ட டயர்

2022 மே மாதம் சத்தீஸ்கர் மாநிலம் ராய்ப்பூரை அடுத்த சில்தரா தொழிற்பேட்டையில், பணிமனை ஒன்றில் ஜே.சி.பி. இயந்திரத்தின் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது அது வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சி கைபேசிகளில் பரவியது. பெரிய இயந்திரம், பெரிய டயர், அதனால் பெரிய விபத்து என்று பேசிவிட்டு எல்லோரும் அடுத்த காணொளிக்குப் போய்விட்டார்கள். இப்படி ஒரு விபத்து நடக்க ஜே.சி.பி. தேவையில்லை. கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லர், செங்கல் சூளைக்கு மண் அடிக்கும் டிப்பர், கல்யாண வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர் எதிலும் நடக்கலாம். சொல்லப்போனால் இழுத்துச் செல்லப்படும் வண்டிகளின் டயரில் இந்த ஆபத்து கூடுதல். அதுவும் வண்டி ஓடும்போது அல்ல, பஞ்சர் கடையில் நிற்கும்போது.

டிரெய்லரின் பிழைப்பு பருவத்தைப் பொறுத்தது. கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் இரவு பகலாக ஓடும். வெட்டு முடிந்தால் களத்து மேட்டிலோ வேலியோரத்திலோ வெயிலில் கிடக்கும். ஓடும் தூரம் குறைவு என்பதால் டயரின் பட்டன் (தரையில் படும் மேல்பகுதி) தேய்வதில்லை. ஆனால் ரப்பர் தேய்ந்துதான் சாக வேண்டும் என்றில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதை அரித்துக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கத்தான் தயாரிக்கும்போதே ரப்பருக்குள் மெழுகும் காப்பு வேதிப்பொருள்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போது இவை உள்ளிருந்து கசிந்து மேற்பரப்பில் படலமாகப் படியும். நின்றே கிடக்கும் டயரில் அந்தக் கசிவு குறைந்துபோகிறது. பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடத் தொடங்குகின்றன. இதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. டிரெய்லருக்குப் புது டயர் வாங்குபவர் குறைவு. லாரியிலோ பஸ்ஸிலோ ஆயுளைக் கழித்துவிட்டு வந்த டயரை, பல நேரம் ரீட்ரெட் செய்ததை, மாட்டுவார்கள். ரீட்ரெட்டில் புதிதாவது மேலே ஒட்டிய பட்டன் மட்டும்தான்; பக்கச்சுவரும் உள்ளிருக்கும் இழைகளும் பழைய வயதிலேயே இருக்கும். அந்த வயதை அறிய டயரின் பக்கச்சுவரிலேயே வழியுண்டு. தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3514 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் என்று பொருள். மூன்றே எண்கள் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். அதைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை. சில டயர்களில் இந்தக் குறி ஒரு பக்கம் மட்டும் இருக்கும், மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போய்விடும். குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.

வயது பாதிக் கதைதான். மீதிப் பாதி, அந்த டயர் காற்று குறைந்த நிலையில் எவ்வளவு தூரம் சுமை இழுத்தது என்பது. நின்ற வண்டியில் காற்று தானாக இறங்கும். சீசன் தொடங்கும் அவசரத்தில் யாரும் கேஜ் வைத்துப் பார்ப்பதில்லை. டிராக்டர் இழுக்கிற இழுப்பில் பின்னால் வரும் டயர் சப்பையாக இருப்பது ஓட்டுநருக்கு உறைப்பதும் இல்லை. காற்றில்லாத டயர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி விரிகிறது. சூடேறுகிறது, இழைகளுக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு தளர்கிறது. கம்பி இழை வைத்த ரேடியல் டயராக இருந்தால் கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போலப் பக்கச்சுவருக்குள் ஒவ்வொன்றாக அறுகின்றன. வெளியே ரப்பர் மூடியிருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காற்று இறங்கியிருக்கும்வரை அறுந்த இழைகளுக்கும் வேலையில்லை. மறுபடி காற்று ஏறும்போதுதான் மிச்சமிருக்கும் இழைகள்மேல் முழுப் பாரமும் விழுகிறது. ஒன்று அறுந்தால் பக்கத்து இழை, பிறகு அதற்குப் பக்கத்து இழை என்று கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கச்சுவர் வளைகோடாகக் கிழிந்து திறக்கிறது. அமெரிக்காவில் இதை ஜிப்பர் வெடிப்பு என்றே அழைக்கிறார்கள். இதன் பலம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். 100 பி.எஸ்.ஐ. என்பது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 7 கிலோ அழுத்தம். ஒரு மீட்டர் உயரமுள்ள லாரி டயரின் ஒரு பக்கச்சுவர் முழுக்க அதைக் கூட்டிப் பார்த்தால் 30 டன்னைத் தாண்டும். அந்தப் பக்கச்சுவருக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில்தான், ஹோசைப் பிடித்துக்கொண்டு ஒருவர் குந்தியிருக்கிறார்.

டிரெய்லர் எத்தனை மாதம் நின்றது, காற்றில்லாமல் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, டயர் எங்கே வாங்கியது என்ற விவரமெல்லாம் வண்டிக்காரரிடம் இருக்கிறது. வெடித்தால் சாகக்கூடியவரிடம் அதில் ஒன்றும் இல்லை. 'காத்து கம்மியா இருக்கு தம்பி, ஒரு நூறு அடிச்சு விடு' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த விபத்துகளைத் தொழிலாளியின் கவனக்குறைவு என்று முதல் தகவல் அறிக்கை முதல் டீக்கடை வரை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. உள்ளே அறுந்திருக்கும் இழையை எவ்வளவு கவனமானவராலும் வெளியிலிருந்து பார்க்க முடியாது. பார்க்க முடியாததைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் சொல்லாமல் இருப்பதே முதல் குறை. கடைக்காரரின் குறைகள் அதற்கு அப்புறம் வருபவை.

சட்டமும் இந்த இடத்தில் வண்டிக்காரரைக் கேள்வி கேட்பதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 94ஆவது விதி டயரின் நிலையைப் பற்றிப் பேசுகிறது. இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டர், மற்றவற்றுக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் வேண்டும்; உள்ளிழை வெளியே தெரியக் கூடாது. மொட்டை டயரைப் பிடிக்க இது போதும். பட்டன் தேயாமலே கிழடு தட்டிய டிரெய்லர் டயர் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும். பிரிட்டனிலும் நெடுங்காலம் இதே நிலைதான். 2012இல் அங்கே சர்ரே மாவட்டத்தில், இசை விழா முடிந்து திரும்பிய சுற்றுலாப் பேருந்தின் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். டயருக்கு வயது 19க்கு மேல். அதை மாட்டியது அன்றைய சட்டப்படி குற்றமே இல்லை. இறந்த இளைஞர் ஒருவரின் தாய் பிரான்சிஸ் மலாய் பல ஆண்டுகள் விடாமல் போராடியதன் பயனாக, 2021 பிப்ரவரி முதல் லாரி, பஸ்களின் முன் அச்சில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட டயர் அங்கே தடைசெய்யப்பட்டிருக்கிறது. விடுமுறைக்குக் காரின் பின்னால் இழுத்துப்போகும் கேரவன்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் ஆண்டில் பெரும்பகுதி வீட்டு வாசலில் நிற்கும் அவற்றின் டயரை ஐந்து முதல் ஏழு ஆண்டுக்குள் மாற்றிவிடச் சொல்லி அங்குள்ள கேரவன், டயர் துறையினர் வலியுறுத்துகிறார்கள். அங்கே கேரவன் நிற்கும் நிழலைவிட இங்கே டிரெய்லர் நிற்கும் வெயில் கடுமை.

'மணிக்கு இருபது கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா?' என்று விவசாயிகள் கேட்கலாம். சாலையில் வெடிப்பதைப் பற்றியென்றால் அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் இடமுண்டு. காற்று அடிக்கும்போது வெடிப்பதற்கும் வேகத்துக்கும் தொடர்பே இல்லை. 'அப்படியானால் கொஞ்சம் குறைத்தே அடிக்கிறோம்' என்பது அடுத்த பதில். இதைவிட ஆபத்தான சிக்கனம் கிடையாது. குறைந்த காற்றில் நிறைந்த சுமைதான் இழைகளை அறுக்கிறது, அடுத்த முறை நிறைத்து அடிப்பவருக்குக் கண்ணி வைக்கிறது. நைட்ரஜன் அடித்தால் வெடிக்காது என்பது வெறும் நம்பிக்கை. எந்த வாயுவானாலும் அழுத்தம் அழுத்தமே. 'இருபது வருஷமாக அடிக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை' என்னும் கடைக்காரரின் வாதத்தை மட்டும் மரியாதையோடு மறுக்க வேண்டும். அவர் சொல்வது உண்மை. பெரும்பாலான டயர்கள் வெடிப்பதில்லை. ஆனால் இருபது ஆண்டு அனுபவம் அடுத்து வரும் டயரின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. செலவு என்ற ஆட்சேபம்தான் உண்மையிலேயே கனமானது. கூலிக்கு ஓடும் டிரெய்லருக்குப் புது டயர் மாட்டு என்று சொல்வது எளிது, பணம் போடுவது கடினம். அதனால்தான் டயரை மாற்றுவதைவிட, காற்று அடிக்கும் முறையை மாற்றுவதை முதலில் வைக்கிறேன். அதற்கு ஆகும் செலவு சில ஆயிரங்களில் முடியும்.

அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்புத் துறை 1980இல், லாக் ரிங் போட்ட பல துண்டு ரிம்களுக்கென ஒரு விதி கொண்டுவந்தது. 1984இல் அதை ஒரே துண்டு ரிம்களுக்கும் விரித்தது. லாரி, பஸ், டிரெய்லர் டயர்கள் எல்லாம் அதில் அடங்கும். டயரை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும். ஹோசின் முனை வால்வைத் தானாகக் கவ்விக்கொள்ள வேண்டும், கையால் பிடிக்கக் கூடாது. கேஜும் நிறுத்தும் வால்வும் ஆள் நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். டயர் வெடித்தால் பாயக்கூடிய பாதைக்கு வெளியே நிற்கும் அளவுக்கு ஹோஸ் நீளம் வேண்டும். குறிப்பிட்ட அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ காற்று வைத்து ஓடிய டயரென்றால், முதலில் வால்வு பின்னைக் கழற்றி முழுக்கக் காற்றை இறக்கிவிட்டுத்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். இந்தக் கூண்டை நம் ஊர் வெல்டிங் பட்டறையில் கனமான பைப்பை வளைத்துச் செய்துவிடலாம், தரையோடு போல்ட் போடாமல் விட்டுவைப்பது நல்லது. கூண்டு இல்லாத கடையிலும் நீள ஹோசும் கவ்வும் முனையும் சாத்தியமே. முதலில் 20 பி.எஸ்.ஐ. வரை மட்டும் அடித்து நிறுத்தி, பக்கச்சுவரில் புடைப்போ அலை அலையான நெளிவோ தெரிகிறதா, உள்ளே படபடவென்று பொரிகிற ஓசை கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். தெரிந்தாலோ கேட்டாலோ கிட்டே போகாமல் காற்றை இறக்க வேண்டியதுதான். துருப்பிடித்த லாக் ரிங்கைச் சுத்தியலால் தட்டி உட்கார வைத்துக்கொண்டே காற்று அடிப்பது, டியூப்லெஸ் டயர் ரிம்மில் உட்காரப் பெட்ரோல் தெளித்துப் பற்றவைப்பது, டயர் மாட்டியபடியே ரிம்மில் வெல்டிங் வைப்பது ஆகிய மூன்றும் எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் தவறு. கடைசியாகச் சொன்னது பலருக்குத் தெரியாத எமன். சூட்டில் உள்பக்க ரப்பர் சிதைந்து எரியக்கூடிய வாயுவாகும். வெல்டிங் முடிந்து நேரம் கழித்துக்கூட டயர் வெடித்திருக்கிறது.

ஒருவர் உயிர் போய்விட்டால் குடும்பத்துக்கு என்ன வழி? இரண்டு பேர் வேலை செய்யும் பஞ்சர் கடை தொழிற்சாலைச் சட்ட வரையறைக்குள் வராது. ஆய்வாளர் எட்டிப் பார்க்கப் போவதில்லை. கூலிக்கு இருந்தவரென்றால் பணியில் நேர்ந்த மரணத்துக்கு முதலாளியிடம் இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. கடையே அவருடையது என்றால் முதலாளியும் இல்லை, இழப்பீடும் இல்லை என்று பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். ஓய வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறையில் டிரெய்லரும் மோட்டார் வாகனமே. வாகனத்தின் 'பயன்பாடு' என்பது அது ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தோடு முடிவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1991இல், கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்த வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாமா என்று வழக்கறிஞரைக் கேட்பது வீண்வேலை அல்ல; 2019 திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்திருப்பதால் தாமதிக்காமல் கேட்க வேண்டும். அதற்குள் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கையில் இருக்க வேண்டும். கிழிந்த டயரையும் ரிம்மையும் காயலான் கடைக்குப் போகவிடாமல், தேதிக் குறி தெரியப் படம் எடுத்து வைக்க வேண்டும். வழக்கில் பேசப்போகும் சாட்சி அதுதான். டிராக்டருக்கு மட்டும் காப்பீடு எடுத்துவிட்டு டிரெய்லரை விட்டுவிடும் பழக்கம் பரவலாக இருப்பதால், பாலிசியில் டிரெய்லர் எண் இருக்கிறதா என்று வண்டிக்காரரும் இன்றே பார்த்துக்கொள்ளலாம். வாகனப் பழுதுபார்ப்போருக்கும் ஓட்டுநர்களுக்கும் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் உண்டு. 18 முதல் 60 வயதுவரை பதியலாம், விபத்து மரணத்துக்கு உதவித்தொகை தருவார்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். டீச் செலவில் முடிகிற காரியம்.

புது டயர் என்று சொல்லிப் பல ஆண்டு கிடப்பில் இருந்ததைத் தலையில் கட்டிவிட்டால் அது நுகர்வோர் வழக்கு. 1915 என்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் பில் வேண்டும், பில்லில் டயரின் வரிசை எண் இருந்தால் இன்னும் நல்லது. பழைய டயர் சந்தையில் பில்லே கிடையாது என்பதால் அங்கே வாங்குபவருக்குத் தேதிக் குறி ஒன்றுதான் பாதுகாப்பு.

இவையெல்லாம் நடந்த பின் தேடும் வழிகள். நடக்கும் முன் தடுக்க வாய்ப்புள்ள இடமாக எனக்குத் தோன்றுவது சர்க்கரை ஆலை வாசல். அரைவைப் பருவம் தொடங்குமுன் எந்த டிராக்டர், எந்த டிரெய்லர் கரும்பு ஏற்றும் என்று ஆலைகள் பட்டியல் எடுக்கின்றன. வண்டி எண்ணோடு டயரின் தேதிக் குறியையும் அப்போதே எழுதிக்கொள்ளலாம். பத்து ஆண்டு தாண்டியதை அந்தப் பருவத்துக்கு ஏற்கக் கூடாது. நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவெல்லாம் வரிசையில் நிற்கும் ஆலை வளாகத்தில் கூண்டும் நீள ஹோசும் வைத்த ஒரு காற்று நிலையம் அமைத்தால், சீசனின் முதல் நாளே நல்ல கேஜில், நல்ல தூரத்தில் நின்று காற்றைச் சரிபார்த்துவிடலாம். கூட்டுறவு ஆலைகளில் இதைத் தொடங்க அரசுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஓர் ஆணை போதும்.